ஆமையாரின் ஆகாரம்

அமெரிக்காவிலும் கானடாவிலும் "ஸ்நாப்பிங் டர்ட்டில்" என்று ஓர் ஆமை உண்டு. "ஸ்நாப்" என்றால் படக்கென்று வாயைப் போட்டுக் கவ்வுவது. இந்தப் பிராணிக்குத் தமிழில் ஒரு பெயர் சூட்டலாம் என்று புறப்பட்டால் வேடிக்கையான சங்கடம் ஒன்று வந்து சேருகிறது. கடிக்கிற ஆமை ஆகையால் "கடியாமை" என்று சொல்லலாமா? அப்படிச் சொன்னால் கடிக்காமலிருப்பது என்று அர்த்தமாகிவிடும். கவ்வுகிற ஆமை, "கவ்வாமை"? அதுவும் அப்படியே. "பிடியாமை" என்றாலோ பிடிக்கவே பிடிக்காது! நமது பாஷையில் "ஆமை" என்ற சொல்லே இப்படி எதிர்மறையில் போய் முடிந்து, உலகத்திலேயே அதிகமாகக் கடிக்கிறதென்று பெயர் வாங்கிய ஆமையை அஹிம்ஸாவாதியாக்கிவிடுகிறது. ஆகையால் "கடிக்கும் ஆமை" என்று இரண்டு சொல்லாகவே வைத்துக்கொண்டு மேலே செல்வோம்.

1758-ஆம் வருஷத்தில் ஸ்வீடன் தேசத்து லின்னேயஸ் பண்டிதர் ஜீவராசிகளுக்கெல்லாம் பெயர் வைத்தபோது இதற்கு "ஸர்ப்பெண்டினா" என்று பெயரிட்டார். நம்முடைய "சர்ப்ப"த்துக்கு லத்தீன் பாஷையில் உறவான சொல் அது. பெயர் பொருத்தமானதுதான். ஓட்டுக்குள் மடித்து வைத்திருக்கும் கழுத்தைச் சீறும் பாம்பைப் போல் எட்டி நீட்டுவதில் இதற்கு இணை கிடையாது. சாதாரணமாக ஓட்டின் நீளம் எட்டு முதல் பதினான்கு அங்குலம் வரை இருக்கும். எடை 10 ராத்தல் முதல் 35 ராத்தல் வரை. காட்டில் பிடிபட்டவற்றில் மிகப் பெரியது 75 ராத்தல் இருந்ததாகச் சொல்கிறார்கள். வாலில் முதலைக்கு இருப்பது போன்ற ரம்பப் பற்கள், முதுகெல்லாம் பாசி, முகத்தில் எப்போதும் ஒரு கடுகடுப்பு. இந்த முகத்தை 2006-ஆம் வருஷத்தில் நியூயார்க் ராஜ்யத்தார் தங்கள் ராஜ்யத்தின் அடையாள ஊர்வனமாகத் தேர்ந்தெடுத்திருக்கிறார்கள்!

ஐம்புலன்களை அடக்குவதற்கு ஆமையை உவமையாகச் சொன்னார் வள்ளுவர். அவர் பார்த்தது நம் ஊர் ஆமை. இந்த அமெரிக்க ஆமையைப் பார்த்திருந்தால் வேறு உவமை தேடியிருப்பார். ஏனென்றால், இதனால் தன் அங்கங்களை ஓட்டுக்குள் அடக்கிக்கொள்ள முடியாது. மேல் ஓடு பெரியதாயிருந்தாலும் அடி ஓடு சிலுவை வடிவத்தில் மிகச் சிறியது. தொடையும் தோளும் வெளியே பிதுங்கிக்கொண்டு நிற்கும். வீட்டுக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொள்ள முடியாதவன் வாசலில் நின்று சண்டை போட வேண்டியவன்தானே? தரையில் அகப்பட்டுக்கொண்டால் இது கடிப்பதற்குக் காரணம் அதுதான். தண்ணீரில் இருக்கும்போது மனிதர் வருவது தெரிந்தால் பேசாமல் நழுவிப் போய்விடும்.

அந்தக் கடியைப் பற்றி அமெரிக்கக் கிராமங்களில் வழங்கும் கதைகளுக்கு அளவில்லை. துடைப்பக் கட்டையை ஒரே கடியில் துண்டாக்கும் என்பார்கள். கவ்வினால் இடி இடிக்கும் வரையில் விடாது என்பார்கள். விஞ்ஞானிகள் கருவி வைத்து அளந்து பார்த்தபோது அதன் வலிமை சுமார் 200 நியூட்டன், அதாவது ஏறக்குறைய 20 கிலோகிராம் பாரத்தின் அழுத்தம் என்று தெரிந்தது. மனிதன் முறுக்கைக் கடைவாயில் வைத்துக் கடிக்கும் வலிமை அதைவிட அதிகம்! ஆனால் நமக்குக் கத்தி போன்ற அலகு இல்லை. ஆமைக்குப் பல்லே கிடையாது; அதற்குப் பதில் கொம்புப் பொருளாலான கூர்மையான அலகு இருக்கிறது. விரலைக் கொடுத்துப் பரீட்சை செய்ய வேண்டாம்.

இப்பேர்ப்பட்ட வாய்க்குள் என்னதான் போகிறது? இந்தக் கேள்வி வெறும் வேடிக்கைக் கேள்வியன்று. இதற்குச் சொல்லப்பட்ட தவறான பதிலினால் எத்தனையோ ஆமைகள் உயிரிழந்திருக்கின்றன.

தூண்டில் போட்டு மீன் பிடிப்பதை ஒரு பெரிய கலையாக நடத்துகிறவர்கள் அமெரிக்கர்கள். வாத்து வேட்டைக்காரர்களும் அங்கே அநேகர். நல்ல மீன் அகப்படாத நாளில் தூண்டில்காரருக்கு யார் மேலாவது கோபம் வரவேண்டும் அல்லவா? குளத்தின் நடுவில் கறுப்பாக ஒரு மூக்கு நுனி தெரிந்தால், "அதோ திருடன்!" என்று முடிவு கட்டிவிடுவார்கள். மீனையெல்லாம் தின்கிறது, வாத்துக் குஞ்சுகளைக் காலைப் பிடித்து இழுத்து அமிழ்த்துகிறது என்பது குற்றச்சாட்டு. தண்டனை துப்பாக்கிக் குண்டு.

வழக்கில் சாட்சியை முறையாக விசாரித்தது 1943-ஆம் வருஷத்தில்தான் என்று சொல்லலாம். மிச்சிகன் ராஜ்யத்தில் லாக்லர் என்பவரும் கனெக்டிகட் ராஜ்யத்தில் அலெக்ஸாண்டர் என்பவரும் தனித்தனியே ஏராளமான ஆமைகளின் வயிற்றைத் திறந்து, உள்ளே இருந்ததைப் பிரித்து அளந்து, அந்த வருஷத்தில் பிரசுரம் செய்தார்கள். வாய் பேசாத பிராணியிடம் வாக்குமூலம் வாங்குவதற்கு வேறு வழி கிடையாது. வாக்குமூலம் வேட்டைக்காரர்கள் எதிர்பார்த்தபடி இல்லை. உள்ளே இருந்த ஆகாரத்தில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு தாவரம்! நீர்ப்பாசி, குளத்துக் கொடிகள், இலைகள், தண்டுகள் இவையெல்லாம். மாமிச பட்சணி என்று பெயர் வாங்கியிருந்த பேர்வழி சாப்பாட்டில் ஒரு பங்கு கீரை சாப்பிட்டுக்கொண்டிருந்திருக்கிறது.

மிச்சம் என்ன? மீன் இருந்தது, இல்லையென்று சொல்வதற்கில்லை. இறாலுக்கு உறவான "கிரேபிஷ்" என்னும் நன்னீர்ப் பிராணி இருந்தது. நத்தை, பூச்சி, புழு, தவளை, தலைப்பிரட்டை எல்லாம் உண்டு. பறவைகளின் மிச்சம் மிகவும் சொற்பம். மீனிலும் ஒரு விஷயத்தைக் கவனிக்க வேண்டும். வயிற்றிலுள்ள மீனைப் பார்த்து, ஆமை அதை உயிரோடு துரத்திப் பிடித்ததா, செத்து மிதந்ததைத் தின்றதா என்று சொல்லிவிட முடியாது. நல்ல உடம்புள்ள மீன் ஆமையைவிட எத்தனையோ மடங்கு வேகமாக நீந்தும். ஆமைக்கு அகப்படுவது பெரும்பாலும் நோயுற்றதும் காயம் பட்டதும் செத்ததுமான மீன்தான். தூண்டில்காரரின் முள்ளில் மாட்டித் தப்பி, பிறகு செத்துப் போன மீனும் இந்தக் கணக்கில் சேர்ந்ததுதான்.

செத்ததைத் தின்பதில் இந்த ஆமைக்கு அருவருப்புக் கிடையாது. மோப்ப சக்தி மிகுதி. நீரில் மூழ்கி இறந்தவர்களின் உடலைத் தேடுவதற்காக ஒருவர் பழகிய ஆமையை நீண்ட கயிற்றில் கட்டி ஏரியில் விடுவார் என்று அமெரிக்காவில் ஒரு பழைய கதை உண்டு. கதை எப்படியிருந்தாலும், குளத்தின் அடியில் அழுகிக் கிடப்பதைச் சுத்தம் செய்யும் வேலையில் இதற்குப் பெரும் பங்கு உண்டு என்பதில் சந்தேகமில்லை. சம்பளம் இல்லாத தோட்டி.

ஆமையின் கட்சியையே முழுவதும் பேசிவிடவும் கூடாது. மெயின் ராஜ்யத்துச் சதுப்பு நிலங்களில் நடந்த ஆராய்ச்சி ஒன்று 1957-ல் வெளியாயிற்று. நீர்ப் பறவைகள் மிகுதியாகக் குஞ்சு பொரிக்கும் அந்த இடங்களில் ஆமைகள் வாத்துக் குஞ்சுகளைக் கணிசமாகவே தின்றிருந்தன. மிச்சிகனில் நிரபராதி, மெயினில் குற்றவாளியா? இரண்டும் இல்லை. கடிக்கும் ஆமை எதையும் தேடிப் போய்த் தின்பதில்லை. எது அருகில் மலிவாகக் கிடைக்கிறதோ அதைத் தின்கிறது. பாசி நிறைந்த குளத்தில் பாசி. நத்தை நிறைந்த ஓடையில் நத்தை. குஞ்சுகள் கூட்டமாக நீந்தும் இடத்தில் குஞ்சு. மீன் குஞ்சுகளை வளர்ப்பதற்கென்றே வெட்டி வைத்த பண்ணைக் குட்டையில் ஓர் ஆமை இறங்கிவிட்டால், அது நமது கல்யாண வீட்டுக் கடைசிப் பந்தியாளர் போல் எழுந்திருக்காமல் உட்கார்ந்திருக்கும். அதை அங்கிருந்து அப்புறப்படுத்துவது நியாயம். அதற்காக ஏரிகளிலெல்லாம் சுட்டுத் தள்ளுவது நியாயமன்று.

அது சாப்பிடுகிற முறையும் பார்க்கத் தக்கது. இளம் ஆமைகள் குளத்தின் ஓரத்தில் ஊர்ந்து திரிந்து புழு பூச்சிகளைத் தேடுகின்றன. வயது ஏற ஏற அலைச்சல் குறைந்துவிடுகிறது. சேற்றில் உடம்பைப் புதைத்துக்கொண்டு, கண்ணையும் மூக்கு நுனியையும் மட்டும் வெளியே வைத்துக்கொண்டு, பெரிய ஆமை காத்திருக்கும். முதுகில் பாசி படிந்திருப்பதால் மீனுக்கு அது ஒரு கல்லாகவே தோன்றும். கல் திடீரென்று வாயைத் திறக்கிறது!

இங்கே ஒரு சங்கடம் உண்டு. தண்ணீருக்குள் தலையை வேகமாக முன்னே நீட்டினால், தலைக்கு முன்னால் இருக்கும் தண்ணீரும் தள்ளப்படும். அந்தத் தண்ணீரோடு மீனும் தள்ளிக்கொண்டு போய்விடும். குளத்தில் மிதக்கும் பூவைக் கையால் பிடிக்கப் போனால் அது நகர்ந்து நகர்ந்து போவதைப் பார்த்திருக்கிறோம் அல்லவா? ஆமை இதற்கு ஓர் உபாயம் வைத்திருக்கிறது. வாய் திறந்த கணத்தில், நாக்கின் அடியிலுள்ள எலும்பைக் கீழே இறக்கித் தொண்டையைப் பை போல் விரித்துவிடுகிறது. உடனே முன்னால் இருக்கும் தண்ணீர் வாய்க்குள் பாய்கிறது. மீனும் கூடவே வந்துவிடுகிறது. கண் இமைக்கும் நேரத்தில் எல்லாம் முடிந்துவிடும். விழுங்குவதற்கும் தண்ணீரின் உதவி வேண்டும். கரையில் ஏதாவது அகப்பட்டாலும், அதைக் கவ்விக்கொண்டு தண்ணீருக்குள் போய்த்தான் சாப்பிடும். இரை பெரியதாயிருந்தால் வாயில் இறுக்கிக்கொண்டு முன்னங்கால் நகங்களால் கிழித்துத் துண்டாக்கும். மெல்லுவது என்ற வழக்கமே கிடையாது.

வருஷம் முழுவதும் சாப்பிட அதற்குக் கொடுத்து வைக்கவில்லை. உடம்பின் சூடு தண்ணீரின் சூட்டைப் பொறுத்தது. ஜீரணமோ உடம்பின் சூட்டைப் பொறுத்தது. இலையுதிர் காலத்தில் தண்ணீர் குளிர ஆரம்பித்ததும் ஆமை சாப்பாட்டை நிறுத்திவிடுகிறது. பிறகு ஓடையின் அடியிலோ சேற்றிலோ போய்ப் படுத்துக்கொள்ளும். மேலே பனிக்கட்டி மூடிவிடும். வட பிரதேசங்களில் ஆறு மாதம் வரையில் ஒரு கவளம் ஆகாரமும் இல்லை, ஒரு முறை வெளிக்காற்றைச் சுவாசிப்பதும் இல்லை. ஏகாதசிக்கு ஏகாதசி பட்டினி கிடப்பதைப் பெரிதாகச் சொல்லிக்கொள்ளும் நமக்கு இது சற்றுப் பொறாமை தரும் செய்தி. மிச்சமிருக்கும் சில மாதங்களில் தின்று சேர்த்த கொழுப்பைக் கொண்டுதான் அது குளிர் காலத்தைக் கழிக்க வேண்டும், பெண் ஆமையானால் முட்டையும் இட வேண்டும்.

இதனால் என்ன நேருகிறதென்றால், வளர்ச்சி மிக மெதுவாகிவிடுகிறது. கானடாவில் அல்கோங்க்வின் என்னும் பெரிய வனப் பூங்காவில் 1972 முதல் இந்த ஆமைகளை ஒவ்வொன்றாக அடையாளமிட்டுக் கவனித்து வருகிறார்கள். அங்கே ஒரு பெண் ஆமை முதல் முட்டையிடுவதற்குப் பதினேழு பதினெட்டு வயதாகிறது. வருஷத்துக்கு ஒரு முறை கரைக்கு வந்து மண்ணைத் தோண்டி இருபது முதல் நாற்பது வரை முட்டையிடுகிறது. அவற்றில் பெரும்பாலானவை ராக்கூன், நரி முதலியவற்றின் வயிற்றுக்குப் போகும். தப்பிப் பொரிந்த குஞ்சுகளை நாரையும் காகமும் பெரிய மீன்களும் பெருந் தவளைகளும் தின்னும். பிறரையெல்லாம் தின்பதாகக் குற்றம் சாட்டப்படுகிற பிராணியைச் சிறு வயதில் தின்னாத பிராணியே இல்லை! ஆயிரம் முட்டையில் ஒன்று வளர்ந்து பெரிய ஆமையானாலே அதிர்ஷ்டம். ஆனால் அந்த ஒன்று வளர்ந்துவிட்டால், அதை அசைக்க இயற்கையில் அநேகமாக எதுவும் இல்லை. பல பத்து வருஷங்கள் முட்டையிட்டுக்கொண்டே இருக்கும். நூறு வயதைத் தாண்டுவதும் அசாத்தியமில்லை என்று ஆராய்ச்சியாளர்கள் எண்ணுகிறார்கள்.

ஆகவே இந்தக் குலத்தின் முதலெல்லாம் கிழ ஆமைகளிடத்தில்தான் இருக்கிறது. அல்கோங்க்வினில் 1980-க்குப் பிற்பட்ட வருஷங்களில் நீர்நாய்கள் குளிர் காலத்தில் தூங்கிக்கொண்டிருந்த பெரிய ஆமைகளைக் கடித்துக் கொன்றுவிட்டன. இருபது வருஷங்களுக்கு மேல் கழித்து எண்ணிப் பார்த்தபோதும் அந்த நஷ்டம் ஈடாகவில்லை. மிச்சிகனில் மற்றோர் இடத்தில் செய்த கணக்கு 1994-ல் வெளியாயிற்று. வயது வந்த ஆமைகளில் வழக்கமாக இறப்பவற்றோடு இன்னும் நூற்றுக்குப் பத்து வருஷந்தோறும் இறந்துபோனால், இருபது வருஷத்துக்குள் அவற்றின் தொகை பாதியாகிவிடும் என்பது அந்தக் கணக்கு. தூண்டில்காரரின் கோபத்துக்கு என்ன விலை என்று இப்போது தெரிகிறது. ஆன்டேரியோ மாகாணத்தில் இவற்றை வேட்டையாடுவதை 2017-ல் அடியோடு தடுத்துவிட்டார்கள்.

கடிக்கும் ஆமைக்கு ஒரு பெரியப்பா உண்டு. மிஸிஸிப்பி முதலாக, மெக்ஸிகோ வளைகுடாவில் போய்ச் சேரும் நதிகளில் வசிக்கும் "அலிகேட்டர்" ஆமை அது. முதலை ஆமை என்று சொல்லலாம். முதுகில் மூன்று வரிசை முகடுகள் முதலையின் முதுகைப் போலவே இருக்கும். ஆண் ஆமைகள் 200 ராத்தலுக்கு மேலும் போவதுண்டு. சிகாகோவில் ஷெட் மீன் காட்சிச்சாலையில் பதினாறு வருஷம் வாழ்ந்த ஒன்று 249 ராத்தல் இருந்தது. இது சாப்பிடுகிற விதம் ஒரு நாடகம். பகலில் ஆற்றின் அடியில் வாயைப் பிளந்துகொண்டு அசையாமல் கிடக்கும். வாயின் உட்புறமெல்லாம் கறுப்பு. அதன் நடுவே நாக்கில் மட்டும் இளஞ்சிவப்பாக இரண்டு கிளையுள்ள ஒரு சதை. அதை நெளிய விடும். மீன் அதைப் புழுவென்று எண்ணிக்கொண்டு வாய்க்குள் நுழையும். வாய் மூடிக்கொள்ளும். தூண்டில்காரர்களுக்கு ஆமையின் மேல் கோபம் வருவதற்குத் தொழில் பொறாமையும் ஒரு காரணமாயிருக்கலாம்!

இந்த நாடகம் எல்லாப் புத்தகங்களிலும் வந்துவிட்டபடியால், முதலை ஆமை இப்படித்தான் எப்போதும் சாப்பிடுகிறதென்று ஜனங்கள் நினைக்கிறார்கள். தூண்டில் நாக்கை அதிகமாக உபயோகிப்பது இளம் ஆமைகள். பெரியவை இரவில் ஆற்றடியில் நடந்து திரிந்து தேடித் தின்கின்றன. லூயிஸியானா ராஜ்யத்தில் சூப்புக்காகப் பிடித்து விற்ற ஆமைகளின் வயிற்றை ஆராய்ந்தபோது மீன், கிரேபிஷ், சிப்பி, நத்தை, பாம்பு, மற்ற ஜாதி ஆமைகள், நீர் எலி போன்ற பிராணிகள் எல்லாம் இருந்தன. அத்துடன் கருவாலி மரத்துக் கொட்டைகளும் இருந்தன! வெள்ளக் காலத்தில் கரையோர மரங்களிலிருந்து நீரில் விழுபவற்றைப் பொறுக்கித் தின்கிறது. மேற்சொன்ன ஆமை சூப்பு நியூ ஆர்லியன்ஸ் நகரத்தாருக்கும் பிலடெல்பியா நகரத்தாருக்கும் மிகவும் பிரியமானது. அந்தப் பிரியத்தினால் முதலை ஆமைகள் பெரிதும் குறைந்துபோய், 2004-ல் லூயிஸியானாவில் வியாபாரத்துக்காகப் பிடிப்பதை நிறுத்தினார்கள். 2022-ல் பனாமாவில் கூடிய சர்வதேச மகாநாடு இரண்டு ஜாதி ஆமைகளையும் அனுமதிச் சீட்டில்லாமல் தேசம் விட்டுத் தேசம் அனுப்பக் கூடாத பிராணிகளின் ஜாபிதாவில் சேர்த்தது.

ஆமை தின்பது ஆமையைத் தின்பவரையும் வந்து சேருகிறது. நீண்ட ஆயுள், கண்டதையெல்லாம் தின்னும் குணம், உடம்பில் கொழுப்புச் சேர்த்து வைக்கும் பழக்கம் ஆகிய மூன்றும் சேர்ந்தால், தண்ணீரில் கலந்த விஷமெல்லாம் அந்தக் கொழுப்பில் வந்து தங்கிவிடும். ஹட்ஸன் நதியில் தொழிற்சாலைகள் வருஷக் கணக்காக விட்ட "பி.ஸி.பி." என்ற ரஸாயனப் பொருள் அங்குள்ள ஆமைகளின் கொழுப்பிலும் ஈரலிலும் முட்டையிலும் ஏராளமாகக் கிடந்தது. ஆமைக் கறி சாப்பிடுவோர் கொழுப்பையும் ஈரலையும் முட்டையையும் எறிந்துவிட வேண்டும் என்றும், குழந்தைகளும் பிள்ளை பெறும் வயதுள்ள ஸ்திரீகளும் சாப்பிடவே கூடாது என்றும் நியூயார்க் சுகாதார இலாகாவார் எச்சரித்திருக்கிறார்கள். கானடாவில் பெரிய ஏரிகள் எவ்வளவு கெட்டிருக்கின்றன என்று அறிய ஆமை முட்டையைப் பரிசோதித்துப் பார்க்கிறார்கள். வைத்தியர் நாடி பிடித்துப் பார்ப்பது போல.

இனி வீட்டில் வளர்க்கும் ஆமையைப் பற்றி. ஆமை புகுந்த வீடு உருப்படாது என்பது நமது பழமொழி. அமெரிக்காவில் ஆமை தானாகப் புகுவதில்லை. குழந்தைகளுக்கென்று காசு கொடுத்து வாங்கி வருகிறார்கள். ஆமை வீட்டுக்குச் செய்யும் தீங்கைவிட வீடு ஆமைக்குச் செய்யும் தீங்கே அதிகம். முற்காலத்தில் அங்கே கிராமத்தார் ஆமையைப் பீப்பாய்க்குள் போட்டு, அடுக்களையில் மிஞ்சியதையெல்லாம் கொட்டி, சூப்புக்காகக் கொழுக்க வைப்பது வழக்கம். எதைக் கொட்டினாலும் அது தின்றது. எதையும் தின்னும் பிராணிக்கு எதையும் கொடுக்கலாம் என்ற எண்ணம் அன்று முதல் நிலைத்துவிட்டது. தின்பது வேறு, உடம்புக்கு ஒத்துக்கொள்வது வேறு. நம் வீட்டுக் குழந்தையும் கொடுத்தால் மூன்று வேளையும் மிட்டாய்தான் தின்னும்.

குஞ்சு பொரிந்து வரும்போது ஓர் அங்குலத்துக்குச் சற்று அதிகமான நீளம்தான் இருக்கும். முதல் சில நாள் ஒன்றும் தின்னாது. வயிற்றில் மிச்சமிருக்கும் மஞ்சள் கரு கரைந்த பிறகே பசி எடுக்கும். அப்போது கொடுக்கத் தக்கவை மண்புழுத் துண்டு, சிறு பூச்சி, சிறு நத்தை முதலியவை. இதை அறியாமல் ஆட்டிறைச்சியையோ மாட்டிறைச்சியையோ நறுக்கி நாள் தோறும் கொடுத்து வந்தால் குஞ்சு ஆசையோடு தின்னும். இரண்டு மூன்று மாதத்தில் ஓடு மெத்தென்று ஆகிவிடும். வெறும் இறைச்சியில் பாஸ்பரஸ் அதிகம், சுண்ணாம்புச் சத்து மிகவும் சொற்பம். காட்டில் ஆமை நத்தையை ஓட்டோடும் மீனை முள்ளோடும் விழுங்குகிறது என்பதை மறந்துவிடுகிறார்கள். முள்ளையும் ஓட்டையும் நீக்கிச் சுத்தம் செய்து கொடுப்பது மனிதர்களுக்கு உபசாரம், ஆமைக்கு அபசாரம். வெயிலும் வேண்டும்; வெயில் படாத உடம்பில் சுண்ணாம்புச் சத்து எலும்பில் சேராது.

வேறு சிலர், மீன்தானே அதற்கு உகந்த ஆகாரம் என்று கடைகளில் மலிவாக விற்கும் தங்க மீன்களை வாங்கி உயிரோடு விட்டுக்கொண்டே இருப்பார்கள். பார்ப்பதற்கு வேடிக்கைதான். தங்க மீனிலும் கெண்டை இனத்து மீன்கள் பலவற்றிலும் "தயமினேஸ்" என்ற ஒரு பொருள் இருக்கிறது. அது வைட்டமின் பி-1 சத்தை அழித்துவிடும். தீட்டின வெள்ளை அரிசியையே தின்றவர்களுக்குப் பெரிபெரி நோய் வந்த கதை நேயர்களுக்குத் தெரியும். அதே சத்துக் குறைவுதான் இங்கும். ஆமைக்கு நரம்பு தளர்ந்து கால் இழுத்துக்கொள்ளும். பனிப் பெட்டியில் வைத்த மீனிலும் இந்தப் பொருள் அழிவதில்லை. கண் வீங்கி, இமை ஒட்டிக்கொண்டு, சாப்பிட மறுக்கும் ஆமைக் குட்டிகளையும் வைத்திய சாலைக்குக் கொண்டு வருகிறார்கள். அவற்றில் பலவற்றுக்கு நோய் வைட்டமின் ஏ குறைவு. பார்வை மறைந்தபின் உணவு எங்கே இருக்கிறது என்பதே தெரியாமல் அது பட்டினி கிடக்கும்.

சரியான சாப்பாடு எது என்றால், குளத்தில் கிடைப்பது போன்ற கதம்பச் சாப்பாடு. மண்புழு, நத்தை, இறால், பூச்சிகள், எப்போதாவது முழு மீன், ஆமைக்கென்று தயாரித்து விற்கும் உருண்டைகள், இவற்றோடு நீர்ப்பாசியும் கீரையும். கீரையை முதலில் தொடாது. குட்டையில் போட்டு வைத்தால் வயது ஏற ஏறத் தானே கடிக்கத் தொடங்கும். குட்டிகளுக்குத் தினமும் சிறிது. வளர்ந்ததற்கு வாரத்தில் இரண்டு மூன்று நாள் போதும். இந்த இடத்தில்தான் வளர்ப்பவர்களின் மனம் இளகிவிடுகிறது. ஆள் நிழல் தெரிந்ததும் ஆமை தலையைத் தூக்கிக்கொண்டு வந்து நிற்கும். ஆறு மாதம் பட்டினி கிடக்கப் பழகிய பிராணியின் பசிப் பாவனையை நம்பி வாரி வாரிக் கொடுத்தால், வீட்டின் வெதுவெதுப்பில் வருஷம் முழுவதும் தின்று, காலுக்கும் ஓட்டுக்கும் நடுவே கொழுப்பு மூட்டை மூட்டையாகத் தொங்கும். கொழுக்க வைத்த ஒன்று 86 ராத்தல் வரை போனதாகச் சொல்கிறார்கள். காட்டிலே பிடிபட்ட எதுவும் அந்த எடையை எட்டியதில்லை. அது பெருமையன்று, வியாதி.

கொடுக்கும்போது நீண்ட இடுக்கியால் கொடுக்க வேண்டும். காரணம் சொல்ல வேண்டியதில்லை. தொட்ட கையைச் சோப்புப் போட்டுக் கழுவ வேண்டும். இதற்குக் காரணம் சொல்ல வேண்டும். ஆமையின் உடம்பில் ஸால்மொனெல்லா என்ற கிருமி சாதாரணமாக இருக்கும். அது ஆமையை ஒன்றும் செய்யாது, குழந்தைகளுக்குக் கடுமையான பேதியை உண்டாக்கும். இதனாலேயே அமெரிக்க சர்க்கார் 1975-ல் நான்கு அங்குலத்துக்குக் குறைந்த ஆமைகளை விளையாட்டுப் பிராணியாக விற்கக் கூடாதென்று உத்தரவு போட்டார்கள். குழந்தைகள் வாயில் வைத்துக்கொள்ளும் அளவு அதுதான் அல்லவா?

உள்ளங்கையில் அடங்கிய குட்டி சில வருஷங்களில் அண்டாவுக்குள் அடங்காமல் போய்விடுகிறது. வாங்கிக் கொடுத்த குழந்தை வளர்ந்து கல்லூரிக்குப் போயாயிற்று. ஆமைக்கு இன்னும் நாற்பது ஐம்பது வருஷ ஆயுள் இருக்கிறது. அப்போது ஓர் இரவில் அதைச் சாக்கில் போட்டுக்கொண்டு போய் ஏதாவது ஒரு குளத்தில் விட்டுவிடுகிறார்கள். ஜப்பான் தேசத்தில் அப்படித்தான் நடந்தது. கடைகளில் வாங்கி வளர்த்துச் சலித்தவர்கள் விட்டுவிட்ட அமெரிக்க ஆமைகள், டோக்கியோவுக்கு அருகில் சிபா மாகாணத்து இன்பா ஏரியிலும் அதைச் சேர்ந்த ஆறுகளிலும் வயல் வாய்க்கால்களிலும் குஞ்சு பொரித்துப் பெருகி ஆயிரக் கணக்காகிவிட்டன. ஜப்பானியர் 2005-ல் இந்த ஆமையை வளர்ப்பதையும் இறக்குமதி செய்வதையும் விடுவதையும் சட்டத்தினால் தடுத்தார்கள். வயலில் இறங்கும் குடியானவர்கள் காலைப் பார்த்து வைக்க வேண்டியிருக்கிறது. மாகாணத்து அதிகாரிகள் வாய்க்கால் தோறும் கூடைப் பொறி வைத்து, உள்ளே மீன் துண்டைக் கட்டி, மறு நாள் காலையில் போய்த் தூக்கிப் பார்க்கிறார்கள்.